ஹவுஸ் ஓனர் காலில் குப்பைமேனி

மூலிகை பற்றி ஒன்றுமே தெரியாதவரால் ஆபத்தில்லை. எல்லாம் தெரிந்தவராலும் ஆபத்தில்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தெரிந்துகொண்டு வந்தவரிடம் உங்கள் அரிப்பைக் காட்டிவிடாதீர்கள். நான் அந்த ஞாயிற்றுக்கிழமை ரகம்.

அம்பத்தூர் ஏரிக்கரையில் யாரோ நடத்திய மூலிகை நடைக்குப் போய் வந்த பிறகு, எங்கள் மேனாம்பேட்டில் களை என்று எதுவுமே என் கண்ணுக்குத் தெரியவில்லை. காலி மனையில் கீழாநெல்லி, டிரான்ஸ்ஃபார்மர் அடியில் நாயுருவி, எங்கள் காம்பவுண்டு ஓரம் குப்பைமேனி. எல்லாம் மருந்து! (ஷேர் ஆட்டோவை நிறுத்தி மூக்கிரட்டை பறித்திருக்கிறேன். அந்த டிரைவர் இப்போது என்னைக் கண்டால் வேகம் கூட்டுகிறார்.)

அந்த நேரம் பார்த்து ஹவுஸ் ஓனர் கன்னியப்பன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். மச்சான் குடும்பம் வருகிறதாம். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீர்க் கஷ்டமில்லாத வீடு. ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடலாம். எப்படியாவது ஓனர் மனதை மாற்றவேண்டும்.

மொட்டை மாடியில் புறா வளர்ப்பவர் அவர். கூண்டைக் கழுவிவிட்டு இறங்கும்போதெல்லாம் காலைச் சொறிவார்.

"அரிச்சிகினே கீதும்மா. இன்னா போட்டாலும் கேக்கல."

"குப்பைமேனி இருக்க கவலை எதுக்கு அங்கிள்? அதுக்குப் பூனைவணங்கின்னு இன்னொரு பேரு கூட உண்டு!"

பெயரைச் சொன்னேனே தவிர, அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யோசிக்கவில்லை.

இலையோடு மஞ்சளும் உப்பும் சேர்த்து அரைத்துப் பூசுவதுதான் வழக்கம். இலைக்கே இவ்வளவு சக்தி என்றால் வேருக்கு? வேரோடு பிடுங்கி, வேரோடு அரைத்து, ஒரு டப்பா நிறையக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் அவர் இரண்டு காலிலும் பூசிக்கொண்டு கேட்டருகே நாற்காலியில் உட்கார்ந்தார். வேர் வாசனைக்கு முதலில் கோழிக்கடைப் பூனை வந்து உரசியது. அடுத்து பால்கடைப் பூனை. அலறல் கேட்டு நான் ஓடிவந்தபோது ஒன்று அவர் முழங்காலை நக்க, ஒன்று செருப்பின் மேல் புரள, மற்றவை முறைக்குக் காத்திருந்தன. போன வருஷம் ஒரு ஜோடிப் புறாவைப் பூனைக்குப் பறிகொடுத்தவர் அவர்!

"இன்னா அண்ணாத்தே, கால்ல கருவாடு கட்டிகினு கீறியா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"இன்னாத்தம்மா அரைச்ச? நான் மாடிக்குப் போனா இதுங்களும் வருது! என் புறாவுக்கு யாரு தீனி வெப்பா?"

அம்மா என் காதருகே சொன்னாள். "ஏட்டி, இன்னிக்கே மூட்டையக் கட்டு."

நான் மேலே ஓடினேன். மாடிக் கதவைச் சாத்திவிட்டுத் தீனி வைத்தேன். சோப்புப் போட்டும் வாசனை சுலபத்தில் போகவில்லை, பூனைகளும் போகவில்லை. அது போகும்வரை நான்தான் மாடிக்கு. அவர் கீழிருந்து, "கம்ப கொஞ்சமா போடு! வெள்ளைய தொடாத, கோச்சிக்கும்!" என்று கத்துவார்.

ஒருவழியாகச் சில நாள் கழித்துப் பூனைகள் கலைந்தன. அரிப்பும் போயிருந்தது. ("சோப்பு போட்டு தேச்சதுல போச்சு" என்றார்.) ஆனால், அதற்குள் புறாக்கள் என் தோளில் உட்காரப் பழகியிருந்தன. மாடி ஏறி வந்த ஓனர் அதைப் பார்த்துவிட்டார்.

"மச்சானுக்கு வேற ஊடு பாத்துக்கலாம். புறாவுக்கு வேற ஆளு கெடைக்காதும்மா."

வீடு தப்பித்தது. இன்றும் புறாக்களுக்குத் தீனி வைத்துக்கொண்டே போனில் சேரும் காலை மீட்டிங்கில், "உங்க பக்கம் யாரோ முனகுறாங்க" என்று மேனேஜர் கேட்கிறார். வைத்தியம்தான் நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் கொசு கடித்தால்கூட பாத்ரூம் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் சொறிகிறார்கள். வெளியே வரும்போது நான் நின்றிருந்தால், கேட்பதற்கு முன்பே அம்மா சொல்லிவிடுவாள்: "ஒண்ணும் இல்லட்டி, சும்மா."