அறுபத்தொன்றில் மிச்சம்

என் மீசை மாமாவுக்கு, வெள்ளக்கடைப் பக்கத்துக் காப்பித் தோட்டத்திலிருந்து கண்ணாயி கும்பிட்டு எழுதுவது. நான் கஞ்சி குடித்துச் சுகமாக இருக்கிறேன். செத்தவரிடம் சுகம் கேட்டால் அவருக்குச் சங்கடமாகும் என்று கூட வேலை செய்கிற பூவாயி சொல்கிறாள். அதனால் கேட்கவில்லை.

நீங்கள் போனதால் இங்கே வந்த குழப்பம் கொஞ்சமல்ல. காலையில் ஆட்களைச் சமமான கூட்டங்களாகப் பிரிக்காவிட்டால் நம் துரைக்குச் சோறு இறங்காது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு தலை கூடிவிட்டாலும் எந்தக் கூட்டம் அதிகம் பழம் பறித்தது என்று சொல்ல முடியாதாம். நீங்கள் இருந்தபோது அறுபத்திரண்டு பேர். ரெண்டே கூட்டம் துரைக்குப் போதாது; மூன்றாகப் பிரித்தாலும் நான்காகப் பிரித்தாலும், ஐந்து, ஆறு என்று எப்படிப் பிரித்தாலும் ரெண்டு பேர் மிஞ்சுவோம். வரிசையின் வாலில் நிற்கிற நாம்தான் அந்த ரெண்டு. "போங்க, போயி நாத்துக்குத் தண்ணி ஊத்துங்க" என்று மேஸ்திரி வேடியப்பன் விரட்டுவார். நாற்றுப் பந்தலில் பொழுதுக்கும் பேசிக்கொண்டே கிடந்தோமே.

இப்போது அறுபத்தொன்று. துரை ரெண்டே கூட்டமாகக்கூடப் பிரித்துப் பார்த்தார், நான் மிச்சம். மூன்றாகப் பிரித்தார், நான் மிச்சம். நான்கு, ஐந்து, ஆறு, அப்போதும் நான் மட்டும் தனியாக நிற்கிறேன். வேண்டுமென்றே செய்கிறேன் என்பது போல துரை என்னையே முறைத்தார். கணக்கு எழுதுகிற ரைட்டர் ஏழாகப் பிரித்தார், ஐந்து பேர் மிஞ்சினோம். எனக்கு அதுவே நொம்ப ஆறுதலாக இருந்தது, துரைதான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒற்றை ஆளுக்கு நாற்றுப் பந்தல் கிடையாது, நாளைக்கு வாலில் மிஞ்சுகிறவரைக் கணக்குத் தீர்த்து மலையிறக்கிவிடு என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டார்.

இறங்கி நான் எங்கே போக? உங்களைப் புதைத்த மேடு இங்கேதானே இருக்கிறது. மறுநாள் விடியுமுன்பே ஓடிப்போய் முதல் ஆளாக நின்றுகொண்டேன். பூவாயி வாலில் மாட்டினாள். "ஏனுங்க ரைட்டரே, அவ ஊட்டுக்காரர் செத்ததுக்கு நானுங்களா எறங்கோணும்?" என்று பிடித்துக்கொண்டாள். ரைட்டர், நாளைக்குப் பார்க்கலாம் என்றார். அந்த நாளைக்கு, வாலில் மாட்டிவிடுவோமோ என்ற பயத்தில் எல்லோரும் என்னை முந்திவிட்டார்கள். மருதாயி பாயோடு வந்து வரிசை நிற்கிற களத்திலேயே படுத்துக் கிடந்தாள். மணி அடிக்குமுன் அத்தனை பேரையும் வரிசையில் பார்த்த துரைக்கு வாயெல்லாம் பல். அறுபத்தொன்றைப் போல நல்ல எண் இல்லை, அதைக் குறைக்காதே, மிஞ்சுகிறவர் நாற்றுக்கே போகட்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டார்.

அதனால் இப்போது நானாகவே வாலில் நிற்கிறேன். தினமும் தனியாக நாற்றுப் பந்தல். நாற்றிடம் பேசுகிறேன். பதில் சொல்லாத விஷயத்தில் அதுவும் உங்களைப் போலத்தான்.

அங்கே உள்ள நம் பெரியவர்களுக்கு என் கும்பிடு. தனியாக இருக்கப் பழகிவிட்டேன், என்னைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இப்படிக்கு,
கண்ணாயி

பின்குறிப்பு: இதை மடிக்கும்போது மேஸ்திரி வந்தார். "நாளைக்குக் கொட்டச்சேட்டுல இருந்து புது ஆளு வாரான், பேரு ஐயாக்கண்ணு. பொண்டாட்டி செத்துப்போனவன். உன்ற பக்கத்துல வாலுல நிக்கச் சொல்லியிருக்கறன்" என்கிறார். மறுபடியும் அறுபத்திரண்டு. ரெண்டு பேர் மிஞ்சுவோம். நான் அவர் பக்கத்தில் நிற்பதா வேண்டாமா என்று யோசிக்குமுன் எனக்கு ஒன்று தெரியவேண்டும். அங்கேயும் உங்களை வரிசையில் நிறுத்திப் பிரிப்பார்களே, நீங்கள் தனியாகத்தான் மிஞ்சுகிறீர்களா, இல்லை, பக்கத்தில் எவளாவது நிற்கிறாளா?