அலுவலகத்தின் பொதுக் கன்னம்

சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனித குலம் செய்த மகத்தான சாதனை, புகையிலை ஒழிப்பு இயக்ககத்தில்தான் நிகழ்ந்தது. பதினேழு பேருக்கு ஒரு கன்னமே தாராளம் என்று அங்கே நிரூபித்தார்கள்.

இயக்குநர், எதிரியை நெருங்கி அறியாமல் போர் தொடுக்கக் கூடாது என்ற கொள்கை உடையவர். ஆகவே புகையிலையைத் தம் இடது கன்னத்திலேயே சிறைவைத்திருந்தார். அந்தத் தியாகத்தைக் கண்டு உருகிய ஊழியர்களும் ஆளுக்கொரு கைதியை வாயில் வைத்துக் காவல் காத்தார்கள். டிரைவர் ஒருவர்தான் யார் நீட்டினாலும் ‘வேண்டாங்க’ என்று ஒதுங்கிப் போவார்.

இந்தப் புண்ணிய பூமிக்கு ஆய்வகத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். வாய்ப்புற்று வருமுன்பே எச்சரிக்கும் புதிய பரிசோதனையை இங்கேதான் முதலில் நடத்தப்போவதாகச் சொன்னார். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். மரபணுவின் எழுத்தைத் தொடாமலேகூட, உடம்பைக் காவல் காக்கும் மரபணுக்களின் வாயில் புகையிலை பிளாஸ்திரி ஒட்டிவிடுமாம். புண் தெரிவதற்கு வெகு முன்பே அந்த ஒட்டு தெரிந்துவிடுமாம். காவல்காரன் வாயை அடைப்பது இயக்குநருக்குச் சிறந்த நிர்வாக முறையாகப் பட்டது. கைதட்டினார்.

குச்சிகளையும் குப்பிகளையும் கொடுத்துவிட்டு டாக்டரம்மா போனதும் அவசரக் கூட்டம் கூடியது. ஒழிப்பு அலுவலகத்திலேயே ஒட்டு தெரிந்தால் அமைச்சர் முகத்தில் எப்படி விழிப்பது? துணை இயக்குநர் வழி காட்டினார். பயிற்சி வகுப்புக்கு ஒருவர் போய் எல்லோருக்கும் கையெழுத்துப் போடுவதும், ‘உடல்நல நாள்’ அன்று ஓடத் தெரிந்த ஒருவரே அனைவருக்குமாக ஓடுவதும் அங்கே நெடுநாள் மரபு. கன்னம் மட்டும் என்ன விதிவிலக்கா? இருப்பதில் சுத்தமான வாய் டிரைவருடையது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

டிரைவர் முதலில் பின்வாங்கினார். நாட்டுக்காக வாயைத் திறக்கச் சொன்னார்கள், திறந்தார். அவர் பங்கையும் சேர்த்துப் பதினேழு குப்பிகள் நிரம்பின.

முடிவோடு டாக்டரம்மா நேரிலேயே வந்து இயக்குநரின் அறைக் கதவைச் சாத்தினார்.

“பதினேழும் ஒரே ஆளோட கன்னம் சார்.”

“எங்க ஆபீஸ் ஒத்துமைக்குப் பேர் போனதும்மா.”

“அந்த ஆள் ரொம்ப வருஷமா புகையிலை போடறவர். ஒட்டு ஏகப்பட்டது இருக்கு. இன்னும் புற்றுநோயா மாறலை. இப்ப விட்டுட்டு சிகிச்சைக்கு வந்தா காப்பாத்திடலாம். யாருன்னு மட்டும் சொல்லுங்க.”

இயக்குநரின் கன்னத்துக் கைதி தொண்டை வழியாகத் தப்பப் பார்த்தான். பக்கத்திலேயே நின்ற துணை இயக்குநர் அவர் காதோரம் குனிந்தார். ஒழிப்புப் பிரசாரத்துக்காக ஐயா விடிய விடிய ஊர் ஊராகப் போகும்போது, கண் அயராமல் இருக்க டிரைவர் கீழுதட்டில் கொஞ்சம் அடக்கிக்கொள்வாராம். அலுவலகத்தில் தொடாதது மரியாதைக்காகத்தானாம்.

இயக்குநர் நிதானமாக எடை போட்டார். ஆளைச் சொன்னால் ஒரு கன்னம் பிழைக்கும். பதினாறு நாற்காலிகள் ஆடும். ஒரே பதிலைப் பதினேழு முறை சொல்வது பழுதான பரிசோதனையின் அடையாளம் என்று தீர்ப்பளித்து, அதைத் திருப்பி அனுப்பினார். அந்த ஆளிடமாவது சொல்லிவிடச் சொல்லி டாக்டரம்மா கெஞ்சினார். இயக்குநர் நெஞ்சில் கைவைத்து வாக்குக் கொடுத்தார்.

வாசலில் டிரைவர் கார் கதவைத் திறந்துபிடித்தபடி தயங்கினார்.

“சார், அன்னைக்கு வாயில தேய்ச்சாங்களே, ஏதாச்சும் சொன்னாங்களா? வீட்ல தினமும் கேக்கறா.”

இயக்குநர் வாயைத் திறந்தார். சொன்னால் இவர் டாக்டரம்மாவிடம் போவார். போனால், மற்ற பதினாறு குப்பிகளின் கதை வெளியே வரும்.

“ஒண்ணுமில்லப்பா. டெஸ்ட்டே கோளாறு. வண்டிய எடு, ரொம்ப தூரம் போகணும்.”

டிரைவரின் தோள்கள் இறங்கின. வெகு நாளைக்குப் பிறகு நிம்மதியாக, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, ஒரு சிட்டிகை எடுத்து உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

பின் இருக்கையில் இயக்குநர் மறுநாள் ஆற்றவேண்டிய உரையைத் திருத்தினார். ‘இந்த நோயால் சாகிறவர்களைவிட, சொல்ல ஆளில்லாமல் சாகிறவர்களே அதிகம்’ என்ற வரி அவரை உலுக்கியது. அடிக்கோடிட்டார். அதற்கு வேண்டிய ஆதாரம், முன் இருக்கையில் அமர்ந்து அவரைப் பத்திரமாகக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தது.