ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை

பிரசவம் இரண்டு வகைப்படும். ஒன்று சுகப்பிரசவம். மற்றது ஆபரேஷன். பிராணிகள் இரண்டு வகைப்படும், முதுகெலும்பு உள்ளவை, இல்லாதவை என்ற பாடம் வரைக்கும்தான் நான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். மிச்சப் பாடத்தை ஆஸ்பத்திரியில் படித்துக்கொண்டேன்.

வயிற்றைக் கீறினால் ஆபரேஷன். கீறாவிட்டால் சுகம். நடுவில் எதுவும் கிடையாது.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அதிகமாகிவிட்டது என்று மேலிடத்துக்குக் கவலை வந்தது. மேலிடம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அங்கிருந்து உத்தரவு கீழே இறங்கும், கேள்வி எதுவும் மேலே ஏறாது என்பது மட்டும் தெரியும். அப்படி இறங்கிய உத்தரவு இது: "இன்று முதல் தாய்மார் அனைவரும் சுகமாகப் பெறக் கடவர்." ஆபீஸ்காரர்கள் கீழ்ப்படிதல் உள்ளவர்கள். உடனே சுவருக்கு வெளிர்நீலம் அடித்தார்கள். வாசலில் ஒரு தாயின் படத்தை மாட்டினார்கள். படத்து அம்மா தலை கலையாமல், உதட்டுச் சாயம் அழியாமல், ஆறு மாதத்துக் குழந்தை ஒன்றை அப்போதுதான் பெற்றவள் போலத் தூக்கி வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் படத்துக்குக் கீழே நின்றபோதுதான் எனக்குப் பனிக்குடம் உடைந்தது.

வலி வந்தது, போனது, மறுபடி வந்தது. பிள்ளை பாதி வழியில் நின்றுவிட்டான். "முக்கும்மா, முக்கு" என்று எல்லோரும் சொன்னார்கள். முக்கினேன். அவன் அசையவில்லை. டாக்டரம்மா அவன் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டார், முகம் மாறிப்போனது. "ஆயுதம் எடு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்த பிறகு பார்த்தால், பந்தியில் பரிமாறுகிற பெரிய கரண்டிகள் இரண்டைக் கோர்த்து வைத்த மாதிரி இருந்தது. அதை வைத்து அவன் தலையை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். வந்தான். அழுதான். நானும் அழுதேன். டாக்டரம்மாவைக் குறை சொன்னால் என் வாய் வெந்துபோகும். அவர் இல்லாவிட்டால் அவன் இல்லை.

வெளியே போன சிஸ்டர் என் நாத்தனாரிடம் சொன்னாள்: "ஆம்பளைப் பிள்ளை. சுகப்பிரசவம்."

சுகம் பெற்ற தாய்மாரின் வார்டில் என்னைப் படுக்க வைத்தார்கள். நிற்க முடிந்தது. படுக்க முடிந்தது. உட்காரத்தான் முடியவில்லை. மற்றபடி சுகம்.

"சிஸ்டர், தையல் ரொம்ப வலிக்குது."

"உங்களுக்கு என்ன பிரசவம்?"

"அது வந்து..."

"சுகம்னு போட்டிருக்கே. சுகப்பிரசவத்துல தையல் இருக்கலாம்மா. வலி இருக்கக் கூடாது."

சிஸ்டர் மேல் தப்பில்லை. மூன்று வார்டுக்கு அவள் ஒருத்தி. சாப்பிட நேரமில்லாமல் பாக்கெட்டில் வைத்த பிஸ்கட்டை நடந்துகொண்டே கடிப்பாள். இருக்கிற வலி மாத்திரை எல்லாம் ஆபரேஷன் வார்டுக்கு என்று எழுதி வந்தால் அவள்தான் என்ன செய்வாள்?

என் வலியை நான் பொறுத்துக்கொண்டேன். பிள்ளைதான் பயமுறுத்தினான். கன்னம் இரண்டிலும் கரண்டி பிடித்த சிவப்புத் தடம். தலையில் ஒரு பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். மறுநாள் பார்த்தால் முகத்தில் மஞ்சள். அதற்கடுத்த நாள் மஞ்சள் நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. பால் கட்டி என் மார்பு கல்லாகக் கிடந்தது, அவன் குடிக்க எழவில்லை. உள்ளங்காலைச் சுண்டினால் வாயை இரண்டு தடவை அசைப்பான், மறுபடி தூங்கிவிடுவான்.

"குழந்தை டாக்டர் ஒரு தடவை பார்க்கட்டுமே சிஸ்டர்."

"அவர் ஆபரேஷன் பிள்ளைங்களைத்தாம்மா தினமும் பார்ப்பார். சுகப்பிரசவப் பிள்ளைங்க சுகமாத்தான் இருக்கும். வீட்டுக்குப் போயிட்டு அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க."

"மஞ்சளா இருக்கானே?"

"நல்ல நிறமா வர்றான்னு சந்தோஷப்படுங்க."

என் நாத்தனாரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தையல் கம்பெனியில் வேலை. பேசினாலும் மெஷின் ஓடுகிற மாதிரிதான் இருக்கும், நடுவில் நூல் அறுந்தால்தான் நிற்பாள். "இங்க படுத்துக்கிட்டு அழுதா டாக்டர் கனவுல வருவாரா? எந்திரி, ஆபீசுக்குப் போவோம்" என்று என்னைக் கிளப்பினாள். பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, காலை அகட்டி அகட்டி நடந்தேன். பார்த்தவர்கள் வாத்து என்று நினைத்திருப்பார்கள்.

ஆபீஸில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் ஒருவர். வண்டிகளுக்கு நம்பர் கொடுக்கிற ஆபீஸிலிருந்து போன மாதம்தான் மாற்றலாகி வந்தவராம். அவருக்கு எல்லாமே வண்டிதான்.

"என்ன வகை?" என்று கேட்டார்.

"சுகம்னு போட்டுட்டாங்க சார்," என்றாள் அண்ணி. "ஆனா சுகமில்ல. பிள்ளையை டாக்டர் பார்க்கணும்."

"சுகம், ஆனா சுகமில்லைன்னா எப்படிம்மா? ரெண்டு சக்கரம், ஆனா ரெண்டு சக்கரமில்லைன்னு சொல்ற மாதிரி இருக்கே."

"அப்ப வகையை மாத்திக் குடுங்க."

"ஆபரேஷனா?"

"இல்ல."

"அப்ப சுகம்."

"போய் வயித்தைக் கீறிக்கிட்டு வந்தா மாத்துவீங்களா?"

"தாராளமா வாங்க. பொதுமக்களுக்கு நாங்க எதுலயும் தடையா இருக்கிறதில்ல."

அண்ணிக்கு நூல் அறுந்துவிட்டது. நானோ, பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால்கூட நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ரகம். ஆனால் கையில் இருந்த துண்டு அசையவே இல்லை. எனக்குத் தெரியாமலே வாய் திறந்துகொண்டது.

"ஆயுதம் போட்டுத்தான் சார் எடுத்தாங்க."

அவர் பேனா நின்றது. "என்ன போட்டு?"

"ஆயுதம்."

"எங்கே வச்சு?"

"பிரசவ ரூமுல."

"யாரு?"

"டாக்டரம்மா."

"யார் மேல?"

துண்டை விலக்கிக் காட்டினேன். கன்னத்துத் தடத்தையும் தலை வீக்கத்தையும் பார்த்தவர் நாற்காலியோடு பின்னால் போனார். ஜன்னல் படாரென்று மூடியது. திரும்பத் திறந்தபோது ஆஸ்பத்திரியின் செக்யூரிட்டி ஆபீசர் நின்றார்.

வராந்தாவில் நாய் விரட்டுவதைத் தவிர வேறு வேலை கிடைக்காமல் வாடிப்போயிருந்த மனிதர் அவர். மீசையை நீவிக்கொண்டு நோட்டைத் திறந்தார். அந்த முகத்தில் வந்த மலர்ச்சியை வாசல் படத்து அம்மாவிடம்கூட நான் பார்க்கவில்லை.

"தாக்கப்பட்டவர் பெயர்?"

"இன்னும் வைக்கல சார்."

"பெயரைச் சொல்ல மறுக்கிறார்," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "தொழில்?"

"தூக்கம்," என்றாள் அண்ணி.

"யாரோடயாவது முன்விரோதம் உண்டா?"

"அவனுக்கு யாரு சார் விரோதி? பத்து மாசமா உள்ளேயே இருந்தவன்."

ஆபீசர் நிமிர்ந்தார். "உள்ளே இருந்த ஆளா? அதை முதல்ல சொல்ல வேண்டாமா? எப்ப விடுதலை?"

"முந்தாநாள்."

"வெளியே வந்த அன்னிக்கே தாக்குதல்," என்று அடிக்கோடு போட்டார். பிறகு விதிப் புத்தகத்தைப் புரட்டி, எங்களுக்கும் கேட்கும்படி வாசித்தார்: "மேற்படி வளாகத்தில் ஆயுதத்தால் காயமடைந்தவர் எவரானாலும், அவரைத் தாமதமின்றி மருத்துவர் முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டியது."

அடுத்த நிமிடம் ஸ்ட்ரெச்சர் வந்தது. ஆறடி ஆள் படுக்கிற ஸ்ட்ரெச்சர். நடுவில் என் பிள்ளை, பெரிய மேஜையில் மறந்து வைத்த பொட்டலம் மாதிரி கிடந்தான். இரண்டு பக்கமும் காவலர் ஓடினார்கள். தாய்க்குச் சக்கர நாற்காலி உண்டா என்று அண்ணி கேட்டாள். தாய் சுகம் என்று பதில் வந்தது. பின்னாலேயே வாத்து நடை நடந்தேன்.

குழந்தை டாக்டர் அவனைத் தொட்டுப் பார்த்தார், நெற்றியை அழுத்திப் பார்த்தார், வாயில் விரலை வைத்துப் பார்த்தார். கோபம் வந்துவிட்டது. "இவனை ஏன் எங்கிட்ட காட்டல? தலையில ரத்தம் கட்டியிருக்கு. அது கரையக் கரைய மஞ்சள் ஏறுது. பால் வேற குடிக்கல. பயப்படாதம்மா, நீல விளக்குல வச்சா இறங்கிடும். இன்னும் தள்ளிப் போட்டிருந்தா..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ஆயுதம் கூரானதா, மொட்டையா டாக்டர்?" என்று ஆபீசர் கேட்டார்.

"மொட்டை."

"என்ன நோக்கம்?"

"உயிரோட வெளியே எடுக்கறதுதான்யா. வேற என்ன?"

"உயிரோடு பிடிக்கும் நோக்கம்," என்று எழுதிக்கொண்டு, ஆயுதத்தைக் கைப்பற்றக் கிளம்பினார்.

பிரசவ ரூம் வாசலில் டாக்டரம்மா போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது.

"அதை எடுத்துட்டுப் போனா, வழியில நிக்கிற பிள்ளையை நான் எதை வச்சுய்யா எடுப்பேன்?"

"ஆயுதமில்லாம, பேச்சுவார்த்தை மூலமா எடுங்க மேடம்."

கரண்டிகளைத் துணியில் சுற்றி, அரக்கு வைத்து, பூட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் வழியில் நின்ற பிள்ளைகள் எல்லாம் ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார்கள். தாய்களும் பிள்ளைகளும் நன்றாகவே இருந்தார்கள். சுகம்தான் சரிந்தது. மேலிடம் ஆடிப்போய்விட்டது. ஆஸ்பத்திரித் தலைவரான பெரிய டாக்டர் கூட்டம் போட்டார். ஆயுதத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஆனால் ஆயுதம் பயன்பட்டது என்று எழுதியும் ஆகிவிட்டது. நீண்ட நேரம் யோசித்து, தேநீர் குடித்து, முடிவுக்கு வந்தார்கள். சுவரில் புதுப் பலகை ஏறியது: "பிரசவம் மூன்று வகைப்படும். சுகம், ஆபரேஷன், ஆயுதம். ஆயுதத்தால் பிறந்த குழந்தைகளைக் குழந்தை மருத்துவர் தினமும் பார்ப்பார். தாய்க்கு வலி மாத்திரை உண்டு."

"நாலெழுத்து படிச்சவங்க யாரும் செய்யாததை நீ செஞ்சுட்டே, பாடத்தையே மாத்திட்டே," என்று அண்ணி என் முதுகில் தட்டினாள். தட்டியது தையல் வரைக்கும் போனது.

நல்ல சேதி வார்டில் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? மத்தியானத்துக்குள் சுகப்பிரசவம் ஆன தாய்மார் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது, தங்களுக்கும் ஆயுதம் போட்டார்கள் என்று. எதிர்க் கட்டில்காரி தன் பிள்ளையின் கன்னத்தில் உதட்டுச் சாயத்தால் இரண்டு தடம் வரைந்தாள். கோடு வளைந்துபோய், குழந்தை நாடகத்துக்குக் கிளம்பினவன் மாதிரி இருந்தான். இன்னொருத்தி சும்மாவே வாத்து நடை பழகினாள். கூசாமல் என்னிடமே வந்து, "அக்கா, காலை எவ்வளவு அகட்டணும்?" என்று கேட்டாள்.

அடுத்த தெருத் தனியார் ஆஸ்பத்திரி சும்மா இருக்குமா? "இங்கு வெளிநாட்டு ஆயுதங்கள் மட்டுமே பயன்படுத்தப்படும்" என்று விளக்குப் பலகை போட்டது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பணக்கார அம்மாள் வார்டைப் பார்வையிட வந்தபோது என் பிள்ளையைக் கொஞ்சிவிட்டு, "என் மருமகளுக்கும் ஆயுதம்தான் சொல்லி வச்சிருக்கோம். இப்பல்லாம் அதுதானே நல்லா இருக்குங்கறாங்க. உங்களுது எந்தக் கம்பெனி?" என்று விசாரித்தாள். எனக்குக் கம்பெனி தெரியவில்லை என்றதும் என் மேல் இருந்த மரியாதை குறைந்துவிட்டது.

இதற்குள் நீல விளக்கு தன் வேலையைச் செய்தது. மஞ்சள் இறங்கியது. ஒரு நாள் காலையில் பிள்ளை தானாகக் கண்ணைத் திறந்து, பசியில் என்னைக் கடித்தே விட்டான். அந்த வலிக்கு நான் சிரித்தேன். டாக்டர் இன்னொரு தடவை பார்த்து, போகலாம் என்று சொல்லிவிட்டால் வீட்டுக்குக் கிளம்பலாம். அதற்காகத்தான் அவர் அறைக்கு வெளியே வரிசையில் நின்றேன். வரிசை வராந்தா முழுக்க வளைந்து போனது. எல்லாம் ஆயுதம். டாக்டர் மத்தியானம் வரைக்கும்தான் இருப்பார்.

கடைசிக் கட்டில் பெண் ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். ஒல்லியான பெண். யாரோடும் அதிகம் பேசாதவள்.

"அக்கா, இது நேத்துலேருந்து பால் குடிக்கல. எழுப்புனா எழ மாட்டேங்குது. ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டுப் போயிடறேன்."

"உனக்கு எது போட்டாங்க? கரண்டியா?" என்று கேட்டாள் அண்ணி.

"எதுவும் போடலக்கா. தானா வந்துடுச்சு."

"தையல்?"

"இல்ல."

வரிசை மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

"தையல்கூட இல்லாம பெத்துட்டு வந்து நிக்கறா பாரு," என்றாள் உதட்டுச் சாயக்காரி. "தானா பொறந்த பிள்ளைக்கு என்ன வந்துடப் போகுது?"

"தூங்கற பிள்ளையை ஏன் எழுப்பறே? சந்தோஷப்படு," என்றாள் வாத்து நடை பழகியவள்.

அந்தப் பெண் கடைசியாக என்னைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கதவு திறந்து, "அடுத்தது வாங்க" என்று குரல் வந்தது. என் முறை. இப்போதெல்லாம் பேச எனக்குக் கூச்சமில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா," என்றேன். "இது ஆயுதம் போட்டவங்க வரிசை."