எல்லையில் காய்ச்சல் இல்லை

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை விளைகிறது, வாழை விளைகிறது, முன்னுரிமைக்காரரும் விளைகிறார். முதல் இரண்டுக்கும் நோய் விழும், விலை விழும். இவருக்கு ஒன்றும் ஆகாது.

முன்னுரிமைக்காரர் யார் என்கிறீர்களா? இரண்டு அரசாங்கங்கள் சேர்ந்து ஊர் நோயைத் தீர்க்க வேண்டுமென்றால், எதை முதலில் தீர்ப்பது என்று முடிவு செய்யப் பிறந்தவர். முடிவு செய்ததும் அவருடைய பிறவிப் பயன் நிறைவேறிவிடும். தீர்ப்பது வேறு யாராவது.

அவரை அடையாளம் காண்பது எளிது. மலைக்கு அந்தப் பக்கத்து மாநில அதிகாரிகளுக்காக ஒரு மலையாளத்தைத் தயார் செய்து, கொண்டை ஊசி வளைவுதோறும் அதைத் தன் ஓட்டுநரிடம் ஒத்திகை பார்த்து, மேலே போய்ச் சேர்ந்து காரிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக, "எந்தா சாரே, சுகம்தன்னே?" என்பார். அவர்கள், "நல்லா இருக்கோம் சார், சாப்பிட்டீங்களா?" என்று நல்ல தமிழில் கேட்பார்கள். அசர மாட்டார். கீழேயிருந்து ஒரு பெட்டி திராட்சை மேலே போகும்; மேலேயிருந்து ஒரு பொட்டலம் ஏலக்காய் கீழே வரும். இரு மாநில நல்லுறவு அதோடு முக்கால்வாசி பலப்பட்டுவிடும்.

எங்கள் பக்கத்து முன்னுரிமைக்காரரின் பெயர் ஈஸ்வரபாண்டி. போன மழைக்காலத்தில் அவர் முன்னால் வந்து நின்றாள் சுருளிப்பட்டி ராமுத்தாய்.

விடிகாலை ஜீப்பில் மலையேறி, அந்தப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, பொழுது சாய இந்தப் பக்கம் இறங்கி உறங்குகிறவள் அவள். அதே ஜீப்பில் போகும் அவளுடைய தம்பி மனைவி அனுசுயா, டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்னொருத்திக்கும், மகாலட்சுமி என்று பெயர், உடம்பு கொதிக்கத் தொடங்கியிருந்தது. ராமுத்தாய் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஜீப் கிளம்பும் இடத்துக்கு வந்து எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பாருங்கள்.

"கூலி போயிரும்னு காச்சலை மறைச்சுக்கிட்டு வாராளுக சார். ஒருத்தி மலையில விழுந்துட்டா அவ பிள்ளைகளுக்கு யாரு பதில் சொல்ல?"

ஈஸ்வரபாண்டியின் கண்கள் குளமாயின. அந்தக் குளத்தோடே கேட்டார்:

"கொசு எங்க வச்சும்மா கடிச்சுச்சு? மேலயா, கீழயா?"

"அதுகிட்ட ஊரு பேரு கேக்கலையே சார்."

சிரிக்காமல் விளக்கினார் அவர். டெங்குக் கொசு பகலில் கடிக்கும். பகலில் அனுசுயா இருப்பது மேலே. எனவே இந்தக் காய்ச்சல் அவர்களுடையது. எப்பேர்ப்பட்ட தெளிவு! கூட்டுக் கூட்டத்தில் அந்தப் பக்கத்து முன்னுரிமைக்காரர் (அங்கேயும் ஒருவர் உண்டு, இல்லாவிட்டால் நல்லுறவு எப்படி?) அதைவிடத் தெளிவாக இருந்தார். உடம்பு சுட்டது ராத்திரியில், அவள் வீட்டில். எனவே காய்ச்சல் உங்களுடையது. கடியை ஒரு மாநிலமும் காய்ச்சலை ஒரு மாநிலமும் எடுத்துக்கொள்ளலாம் என்று பாகப்பிரிவினை யோசனைகூட வந்தது.

அப்புறம் முன்னுரிமை. ஒருவர் எலிக்காய்ச்சல் என்றார், ஒருவர் நாய்க்கடி என்றார், சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் சர்க்கரை என்றார். யார் மனமும் புண்படலாமா? எல்லாமே முதலிடம் பெற்றன. முதல் முன்னுரிமை அ, முதல் முன்னுரிமை ஆ என்று தொடங்கி 'ஓ' வரை போனது. ராமுத்தாயின் ரத்தப் பரிசோதனைக்கு 'எ' கிடைத்தது.

முகாமை எங்கே வைப்பது? ஜீப் கிளம்பும் இடத்துக்கு அவர்கள் வண்டி இறங்காது. தோட்டத்துக்கு நம் வண்டி ஏறாது. ஆகவே இருவருக்கும் பொதுவாக, மலை மேல் செக்போஸ்டில்.

ஈஸ்வரபாண்டி வெளியே வந்து இதைச் சொன்னதும், காத்திருந்த ராமுத்தாய் தலையில் கை வைத்துக்கொண்டாள். "சார், செக்போஸ்ட்டுல ஜீப்பு நிக்காது. ஆளுகளை அடைச்சுக்கிட்டுப் போறான், நிண்டா கேஸ் எழுதுவாகன்னு மிதிச்சுல்ல போவான்?"

"அது போக்குவரத்துத் துறைம்மா. நம்ம சுகாதாரம்."

"முகாம் எத்தனை மணிக்கு சார்?"

"பத்து."

"நாங்க ஆறு மணிக்கே தாண்டிருவமே!"

"ரெண்டு பக்கத்து ஆபீசர்களும் வந்து ரிப்பன் வெட்ட வேணாமா?"

வெட்டினார்கள். பந்தல், இரண்டு மொழியில் பேனர், வரிசையாக நாற்காலி. ஜீப்புகள் விடியும்போதே பறந்துவிட்டன. வந்த ஊசிகளைச் சும்மா திருப்பி அனுப்ப முடியுமா? ஈஸ்வரபாண்டி சட்டைக் கையை மடித்தார். அந்தப் பக்கத்துக்காரரும் மடித்தார். அப்புறம் ஓட்டுநர்கள், போட்டோ எடுக்க வந்தவர், பந்தல் போட்டவர், டீ கொண்டு வந்தவர். ரத்தம் மாநிலப் பேதமில்லாமல் சிவப்பாக வந்தது. ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. மாலையில் கூட்டறிக்கை: எல்லையில் காய்ச்சல் இல்லை.

அந்த அறிக்கைதான் மகாலட்சுமியைப் படுக்க வைத்தது. கீழே ஓர் ஆஸ்பத்திரிக்கு அவளை ராமுத்தாய் இழுத்துப் போனபோது, "எல்லையிலதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாகளே, சாதாக் காச்சல்தான்" என்று மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாளும் மகாலட்சுமி மலையேறினாள். ஏலச்செடிகளுக்கு நடுவே, மழைச் சகதியில், மூக்கில் ரத்தம் வழியச் சாய்ந்தாள்.

ராமுத்தாய் போன் போட்டாள். "சார், மகாலட்சுமி விழுந்துட்டா. ஜீப்புல போட்டாச்சு. எந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டச் சொல்ல?"

"அருமையான கேள்விம்மா. அதையே அடுத்த கூட்டத்துல முதல்..."

"ஏலே, வண்டிய கீழ விடுறா!" என்று அவள் டிரைவரிடம் கத்தியதுதான் ஈஸ்வரபாண்டி காதில் கடைசியாக விழுந்தது.

மகாலட்சுமி பிழைத்தாள். செக்போஸ்டில் ஜீப் நிற்காததால் பிழைத்தாள். 'உயிரிழப்பு ஏதுமில்லை' என்று ஈஸ்வரபாண்டி அதையும் முகாமின் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

தூ என்கிறீர்கள். நன்றாகச் சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் ஒன்று. மூன்று மாதம் உங்கள் வீட்டிலும் மூன்று மாதம் அண்ணன் வீட்டிலுமாக இருக்கிறார்களே உங்கள் அம்மா, அவர்களுக்குக் காய்ச்சல் என்று அண்ணன் போன் செய்தபோது, முதன்முதலில் நீங்கள் சொன்னது என்ன?

"இங்கன இருந்து கெளம்பும்போது நல்லாத்தானண்ணே இருந்தாக?"