மாடிவீட்டு முசே

ஒரு மனிதன்மேல் எத்தனை விதமாகச் சந்தேகப்படலாமோ அத்தனை விதமாகவும் நாங்கள் முசேயைச் சந்தேகப்பட்டிருக்கிறோம்.

முதலியார்பேட்டையில் எங்கள் தெருவுக்குக் குடிவந்தபோது அவருக்கு ஐம்பது வயதிருக்கும். பெற்றோர் புதுச்சேரிக்காரர்கள், இவர் பிறந்து வளர்ந்தது பிரான்ஸில். அதனால்தான் முசே; பிரெஞ்சில் ‘ஐயா’ என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். தனலட்சுமி அக்கா வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தார். பார்த்தால் எங்கள் சித்தப்பா மாதிரிதான். ஆனால் லுங்கிக்குள் சட்டையைச் செருகி பெல்ட் போட்டிருப்பார். முதல் சந்தேகம் அதுதான்.

அடுத்து, ஒவ்வொரு வீட்டின் எதிரிலும் நின்று வாசலையும் ஆட்களையும் உற்றுப் பார்த்து வரையத் தொடங்கினார். எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குப் பத்திரம் சரியில்லை. மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கண்ணையன் மாமா அடித்துச் சொன்னார்: “இவன் இந்த நெலத்துக்குச் சொந்தக்காரன் புள்ள. பிரான்ஸ்லேர்ந்து வந்து அளவெடுக்கறான். நம்மள காலி பண்ணாம போவ மாட்டான்.”

அன்றிலிருந்து அவரைக் கண்டாலே கதவைச் சாத்தினோம். முசே சாத்திய கதவையும் நிதானமாக வரைந்துகொண்டு, “மெர்சி” என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

ஒருநாள் காலையில் மாடிக் குழாயிலிருந்து சாக்கடைக்குச் சிவப்பாகத் தண்ணீர் இறங்கியது. யாரையோ வெட்டிவிட்டான் என்று தெருவே மாடி ஏறியது. முன்னால் தனலட்சுமி அக்கா, கையில் துடைப்பம்.

உள்ளே முசே பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். சுவரெல்லாம் ஓவியங்கள். எங்கள் தெருவில் பனி கொட்டுகிறது. கண்ணையன் மாமா ஓவர்கோட்டும் வெறுங்காலுமாக மெட்ரோ ரயிலுக்கு நிற்கிறார். எங்கள் ரேஷன் கடையில் வெள்ளைக்காரர்கள் பையோடு வரிசையில்.

“இன்னா சார் இது?” என்றேன்.

“அங்க என்னை இந்தியாக்காரன்னாங்க. இங்க பிரான்ஸ்காரன்னு சொல்றீங்க. எனக்கு ரெண்டு ஊரும் வேணுங்க. அதான் ஒரே தெருவுல வச்சுட்டேன்.”

மாமா தன் படத்தையே வெகுநேரம் பார்த்தார். “அப்ப வீட்ட கேக்க வரலியா?”

“எங்கப்பா இருந்த வீட்ட வித்துட்டுத்தாங்க கப்பல் ஏறினாரு.”

தனலட்சுமி அக்கா துடைப்பத்தைப் பின்னால் மறைத்தபடி, பனியில் நிற்கும் தன் படத்தைக் காட்டி, “இந்தக் குளிர்ல எனக்கு ஒரு சால்வையாவது போட்டிருக்கலாமில்ல?” என்றார். மறுநாளே முசே படத்தில் சால்வை போட்டுவிட்டார்.

போன மாதம் காரில் வந்த ஒருவர், “இங்க பிரெஞ்சு ஓவியர் ஒருத்தர் இருக்காராமே?” என்று விசாரித்தார்.

கண்ணையன் மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“பிரெஞ்சுக்காரர்லாம் யாரும் இல்ல. எங்க தெருக்காரர் ஒருத்தர் வரைவாரு. நீங்க யாரு, இன்னாத்துக்குக் கேக்கறீங்க?”