மலையைப் பிளந்தவர் வம்சம்

என் பிள்ளைக்கு என் குடும்பப் பெயர்தான். இதில் விட்டுக்கொடுக்கிற பேச்சே கிடையாது. மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பட்டாணி சூப் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்து, ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவி கிலேனிடம் இப்படி முழங்கினேன்.

கனடாவில் எங்கள் கெபெக் மாகாணத்தில் கல்யாணமானாலும் பெண்கள் அப்பா வீட்டுப் பெயரை விடுவதில்லை. சட்டமே அப்படி. பிறக்கிற பிள்ளைக்கு யார் பெயர் என்பதை அவரவர் வீட்டில் அடித்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டியது. அவள் கிலேன் ரொபிது. நான் ரெழான் திரான்ஷ்மொந்தாஞ். 'மலையைப் பிளப்பவன்' என்று அர்த்தம். இப்படியொரு பெயர் கையில் இருக்கும்போது யாராவது பிள்ளையை ரொபிது ஆக்குவார்களா?

"மலையைப் பிளக்கிற மகாராஜா, வாசல் பனியைத் தள்ளச் சொல்லி நாலு நாளாச்சுங்களே?"

"முதுகு வலி. பேச்சை மாத்தாதே, கிலேன். எங்க குடும்பத்துல முந்நூறு வருஷமா..."

"முந்நூறு வருஷமா என்ன நடந்துச்சுன்னு உனக்கு என்ன தெரியும்?"

"தெரியாட்டி என்ன? ஆவணக் காப்பகத்துல எல்லாம் இருக்கு. தோண்டி எடுக்கறேன். இந்தப் பேரு எங்க குடும்பத்துக்கு எந்த வழக்கப்படி வந்துச்சோ, அதே வழக்கப்படி நம்ம பிள்ளைக்கும். சம்மதமா?"

"எழுதிக் கொடு."

காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவள் சண்டையே போடாமல் அதை மடித்துக் கைப்பையில் வைத்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு எது நேரத்துக்கு உறைத்திருக்கிறது?

ஆறு சனிக்கிழமை காப்பகத்தில் தவம் கிடந்தேன். அந்தக் காலத்துப் பாதிரியார்கள் எழுதிய கோழிக்கிறுக்கலைப் படித்துக் கண் பூத்துப் போயிற்று. ஆறாவது சனிக்கிழமை ஆள் அகப்பட்டார்! 'மத்துரேன் பெனார் என்கிற திரான்ஷ்மொந்தாஞ்.' 1665-ல் பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த ராஜாவின் சிப்பாய். அன்றைய பட்டாளத்தில் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைப்பார்கள். எங்கள் ஆளுக்கு மலை வாய்த்தது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

நகல் எடுத்துக் கொடுத்த சொலான்ழ் என்ற பெண் இன்னொரு தாளையும் நீட்டினாள்.

"இது அவரு மகளோட கல்யாண ஒப்பந்தம். இதையும் கொண்டு போங்க, சார்."

மகளாம், கல்யாணமாம். அதை எவன் படிப்பான்? வாங்கி உறையில் திணித்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன்.

"பாத்தியா? சிப்பாய்! ராஜாவோட சிப்பாய்!"

கிலேன் முதல் தாளை மேலோட்டமாகப் பார்த்தாள். இரண்டாவதை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

"உங்க சிப்பாய்க்கு ஆம்பளைப் பிள்ளையே இல்ல, ரெழான். ஒரே மக, மார்கெரித். அவளைக் கட்டினவன் எத்தியென் பிரோ. மாமனார் வீட்டுலயே குடியிருந்து, அவரு நிலத்தை உழுது, பெண்டாட்டி வீட்டுப் பேரை வெச்சுக்கறேன்னு கையெழுத்துப் போட்டிருக்கான். நீ அவன் வம்சம்."

"வீட்டோட மாப்பிள்ளையா?"

"ஆமா. நாம இருக்கிற இந்த வீடு யாரோடது?"

"உங்க... உங்க அப்பாவோடது."

"அதான். உன் வழக்கம் பொருத்தமாத்தான் இருக்கு."

வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"முதுகு வலின்னு நீ வராம இருந்த கிறிஸ்துமஸ் விருந்துலயே சொலான்ழ் சொன்னா. காப்பகத்துல வேலை பாக்கற அவ எங்க பெரியப்பா பொண்ணு."

"அப்பவே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"நான் சொன்னா நம்புவியா? உங்க முப்பாட்டன் சொன்னாத்தானே நம்புவே."

பிறப்புப் பதிவுப் படிவம் மேஜையில் தயாராக இருந்தது. பேனாவை என் பக்கம் உருட்டிவிட்டு, கிலேன் ஒப்பந்தத்தில் மறுபடி தலையைக் கவிழ்த்தாள்.

"ஒண்ணு கவனிச்சியா, ரெழான்? இதுல பேரை மாத்திக்கிட்டது பிள்ளை இல்ல, மாப்பிள்ளை."

அவள் அடுத்த வரிக்குப் போவதற்குள் என் பெயராவது தப்பட்டும் என்று, படிவத்தில் பிள்ளையின் குடும்பப் பெயராக 'ரொபிது' என்று கொட்டை எழுத்தில் எழுதி முடித்திருந்தேன்.