உறை பிரிக்காத கட்டில்

தயார்நிலைக்காரர் என்றோர் இனம் நம்மிடையே உண்டு. புதுத் தொற்று உலகின் எந்த மூலையில் கிளம்பினாலும், அது எங்கள் ஊரான எரியோடு பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கும்போது மாலையோடு நிற்பார் போலிருக்கும், அவ்வளவு ஏற்பாடு.

எங்கள் ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரி அன்புமணி சாரையே எடுத்துக்கொள்ளுங்கள். தொற்றுநோய் வார்டு கட்டி, கட்டில் போட்டு, மெத்தைக்குப் பாலிதீன் உறை, ஆக்சிஜன் சிலிண்டருக்குச் சந்தனம் குங்குமம், கதவுக்குப் பூட்டு, மழையில் துருப்பிடிக்காமலிருக்கப் பூட்டுக்கும் ஓர் உறை என்று பாதுகாத்து வந்தார். சாவி? அவர் சட்டைப்பையில். நோயாளியை உள்ளே விட்டால் வார்டு அழுக்காகிவிடாதா?

ஒத்திகைக்கு மட்டும் கதவு திறக்கும். போன மாத ஒத்திகையில் கிளார்க் அஜித் நோயாளியாகப் படுத்து, பிரியாணிப் பொட்டலம் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்தபடி இருமிக்கொண்டிருந்தார். அப்போது பூப்பறிக்கும் நாகஜோதி, மகள் பவித்ராவைத் தாங்கிக்கொண்டு வந்தாள். பெண்ணுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. நிற்கவே முடியவில்லை.

"சார், புள்ள படுக்க ஒரு கட்டில் குடுங்க."

"இன்னைக்கு ஒத்திகைம்மா. நெசக் காய்ச்சலெல்லாம் நாளைக்கு வாங்க."

"நாளைக்கு வரைக்கும் தாங்குவாளா?" நாகஜோதி கட்டிலைப் பார்த்தாள். "இந்தத் தம்பிக்கு இருமவே தெரியல சார். எம் மகளப் படுக்க வைங்க. அம்புட்டு நல்லா நடுங்குவா."

சாரின் முகம் மலர்ந்தது. அஜித் எழுப்பப்பட்டார். நர்ஸ் ஜோஸ்பின் பெண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள்; ரத்தம் எடுத்தாள், குளுக்கோஸ் ஏற்றினாள். "என்னா நடிப்பு! கண்ணு எப்படிச் சொருகுது பாருங்க!" என்று வந்திருந்த அதிகாரிகளிடம் சார் பூரித்தார். அவர்களும் கைதட்டினார்கள். பிறகு சார் விசில் ஊதினார்.

"முடிஞ்சிருச்சு. எந்திரிம்மா, நடிச்சது போதும்."

ஜோஸ்பின் கட்டிலை விட்டு நகரவில்லை. "சார், ரத்த டெஸ்ட் வந்துருச்சு, இது டெங்கு. எந்திரிச்சா விழுந்துரும்."

சார் வெகுநேரம் யோசித்தார். வார்டில் நோயாளி இருக்கக் கூடாது, ஒத்திகை இருக்கலாம்.

"அப்ப ஒத்திகைய நீட்டிக்கிறேன்."

பெண் தேறும்வரை நீட்டித்தார். பவித்ரா அம்மாவோடு நடந்தே பஸ் ஏறப் போனாள். மெத்தையின் கிழிந்த உறையைத் தடவியபடி சார் பெருமூச்சு விட்டார்: "நல்லவேளை, நெசமா எதுவும் வரல."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டு டிவி ரிமோட்டைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். பாலிதீன் உறையைப் பிரித்தாயிற்றா?